வலி மாத்திரையை நிறுத்தினால் உடம்பு ஏன் இப்படிப் படுத்துகிறது?

கேள்வி: வயது 46. முதுகு டிஸ்க் அறுவை சிகிச்சைக்குப் பிறகு 14 மாதமாக டிராமடால் 50 மில்லிகிராம் கேப்சூல் தினம் நான்கு சாப்பிடுகிறேன். போன மாதம் ஒரேயடியாக நிறுத்தினேன். மறுநாளே வியர்வை, வயிற்றுப்போக்கு. கால்களை ஓரிடத்தில் வைக்க முடியவில்லை, தூக்கமும் இல்லை. முதுகுவலி முன்பைவிட மோசம். மூன்றாம் நாள் மாத்திரைக்கே திரும்பிவிட்டேன். நான் போதைக்கு அடிமையா? எப்படி வெளியே வருவது?

பதில்: மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டாமல் சாப்பிட்டு வந்திருக்கிறீர்கள் என்றால், இதற்கு அடிமைத்தனம் என்று பெயரில்லை. உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். பல மாதம் ஓபியாய்டு, அதாவது அபின் வகை வலி மருந்து, எடுக்கும் யாருக்கும் இது நடக்கும். உங்கள் மன உறுதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தயவுசெய்து வெட்கப்படாதீர்கள்.

டிராமடாலுக்கு இன்னொரு முகமும் உண்டு. மனச்சோர்வு மாத்திரைகளைப் போல மூளையில் செரோடோனின் என்ற, மனநிலையோடு தொடர்புள்ள ரசாயனத்தையும் அது கூட்டுகிறது. அதனால் திடீரென நிறுத்தும்போது பதற்றம், குழப்பம், உடம்பில் ஷாக் அடிப்பது போன்ற உணர்வும் சிலருக்கு வரும். வேறு மனநல மருந்து சாப்பிட்டாலோ, எப்போதாவது வலிப்பு வந்திருந்தாலோ மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.

முதுகுவலி கூடியது பற்றி: மருந்தை விடும் நாட்களில் நரம்புகள் வலியைப் பெரிதுபடுத்திக் காட்டும். அதை வைத்து 'டிஸ்க் இன்னும் சரியாகவில்லை' என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த வலியில் ஒரு பங்கு நிறுத்தத்தால் வந்தது, மெல்ல இறங்கும்.

சரி, எப்படிக் குறைப்பது? ஓராண்டுக்கு மேல் எடுத்தவர்களுக்கு மாதம் சுமார் 10 சதவீதம், தேவைப்பட்டால் இன்னும் நிதானமாக, என்பதே பொதுவான வழிகாட்டல். உங்களுக்கு அது முதலில் 20 மில்லிகிராம். கேப்சூலைப் பிரித்துப் பொடியைப் பங்குபோட முடியாது. ஒரு கேப்சூலை விட்டாலே 25 சதவீதம், உங்கள் உடம்புக்கு அது பெரிய படி. இதனால்தான் மருத்துவர்கள் சில சமயம் 37.5 மில்லிகிராம் டிராமடாலும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரையை இடையில் நுழைக்கிறார்கள். ஒரு கேப்சூலுக்குப் பதில் அது வந்தால் 12.5 மில்லிகிராம்தான் குறையும். ஆனால் அதில் 325 மில்லிகிராம் பாராசிட்டமால் இருக்கிறது. தலைவலிக்குத் தனியாகப் பாராசிட்டமால் போட்டால் அதையும் கணக்கில் சேருங்கள். படியைத் தீர்மானிப்பது உங்கள் மருத்துவர்தான்.

10 சதவீதம் என்பது அப்போதுள்ள அளவில்தான். எனவே கீழே போகப் போகப் படியும் சிறிதாக வேண்டும். கடைசிக் கால்வாசிதான் பலருக்கும் கஷ்டம், அங்கே அவசரப்படாதீர்கள். ஒரு படியில் தடுமாறினால் அதிலேயே இன்னும் சில வாரம் நில்லுங்கள். அதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம்.

டிராமடால் 2018 முதல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது, சீட்டில்லாமல் கடையில் வாங்கக் கூடாது. மருந்து தீர ஒரு வாரம் இருக்கும்போதே சீட்டு வாங்கிவிடுங்கள். நடுவில் தீர்ந்துபோனால் அது மறுபடி ஒரேயடி நிறுத்தம்.

வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ், மோர், கஞ்சி. போக்கை நிறுத்தும் லோபரமைடு மாத்திரை எடுத்தால் சொன்ன அளவைத் தாண்டாதீர்கள், கூடினால் இதயத் துடிப்பைப் பாதிக்கும். கால் துடித்தால் மாலையில் நடை, படுக்குமுன் வெந்நீர்க் குளியல். வியர்வைக்கும் படபடப்புக்கும் குளோனிடின் உதவும், ஆனால் ரத்த அழுத்தத்தை இறக்கும் என்பதால் நீங்களாக வாங்கக் கூடாது. தூக்கம் வரவில்லை என்று மதுவோ தூக்க மாத்திரையோ சேர்த்தால் மூச்சே அடங்கிவிடலாம்.

எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம் ஒன்று உண்டு. அளவு குறைந்த பிறகு, ஒரு மோசமான இரவில் பழையபடி நான்கையும் போட்டுவிடுவது. பழக்கம் போன உடம்புக்கு அந்தப் பழைய அளவே ஆபத்து. மிச்சக் கேப்சூல்களை வீட்டில் நம்பகமான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

வலிப்பு, குழப்பம், தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, இவற்றில் எது வந்தாலும் அவசர சிகிச்சைக்குப் போங்கள். உயிரை விடலாம் என்ற எண்ணம் வந்தாலும் அதேதான். அந்த நேரம் பேச ஆள் வேண்டுமானால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசுவார்கள்.