துளையில்லாத காதுக்கும் நகை உண்டு

கேள்வி: அக்கா, எனக்கு 23 வயது, ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். சின்னதில் குத்திய காது ஜிமிக்கி இழுத்து அறுந்துபோய், ஓ.எல். படிக்கும்போது திரும்பக் குத்தினோம். அந்த இடம் தடித்துக் கட்டி மாதிரி வளர்ந்ததால் இனிமேல் குத்தவே வேண்டாம் என்றார் டாக்டர். அடுத்த மாதம் மாமா மகளுக்குக் கல்யாணம். கண்டியில் ஒரு கடையில் 'டிரைபல்' என்று எழுதி, நீலமாக மினுங்கும் கல் வைத்த இயர் கஃப் (துளையில்லாமல் காது மடலில் மாட்டும் வளையம்) பார்த்தேன். போடலாமா? வெறுங்காதோடு வராதே என்று அம்மா வேறு சொல்கிறார்.

பதில்: தாராளமாகப் போடுங்கள் தங்கச்சி. ஆனால் கடையிலேயே மாட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள், ஏனென்றால் இதில் எல்லாமே எடையும் பிடிப்பும்தான். என் அம்மாயி தண்டட்டி போட்டவர், காது தோள் வரை தொங்கும், கடைசியில் ஒரு பக்கம் அறுந்தேவிட்டது. அந்தக் காதைத் தொட்டுப் பார்த்து வளர்ந்தவள் நான், கனமான நகையைக் காதில் பார்த்தாலே மனம் பதறும்.

கிளிப் தோடு வேண்டாம். அது சோணையை நசுக்கும், உங்களுக்குத் தடிப்பு இருப்பதும் அங்கேதானே. கஃப் மடலின் ஓரத்தில் உட்காரும். மடலை லேசாக வெளியே இழுத்துப் பிடித்து, மேலே மெல்லிசாக இருக்கும் இடத்தில் வளையத்தின் வாயை நுழைத்து, அப்படியே நடுப்பக்கமாக இறக்குங்கள். ஒவ்வொரு முறையும் வளையத்தை விரித்து நெருக்கினால் கம்பி தளர்ந்து ஒருநாள் முறிந்துவிடும். தலையை ஆட்டினால் விழக்கூடாது, அதற்காக வலிக்கவும் கூடாது. வலிக்க வலிக்கப் போட்டுப் புண்ணாக்கினால் அங்கேயும் தழும்பு தடிக்கலாம், உங்கள் தோல் அப்படிப்பட்டது. தூங்கும்போது கண்டிப்பாகக் கழற்றுங்கள்.

நிக்கல் கலந்த மலிவு உலோகம் பலருக்கு அரிப்பும் சிவப்பும் தரும். அதனால் வெள்ளியாகப் பாருங்கள். 925 முத்திரை போட்ட வெள்ளி என்றால் நூற்றில் 92.5 பங்கு வெள்ளி, மிச்சம் பெரும்பாலும் செம்பு. கறுக்கும், துடைத்தால் போய்விடும்.

அந்த நீல மினுக்கம் சந்திரகாந்தக் கல்லாக இருக்கலாம், நம் நாட்டில் மீட்டியாகொடையில் பேர்போன கல். ஆனால் அதே பெயரில் பால்நிறக் கண்ணாடியையும் விற்கிறார்கள். திருப்பிப் பாருங்கள்: நல்ல கல்லில் ஒளி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு வழுக்கி ஓடும், கண்ணாடியோ எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நீலமாக இருந்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஆரஞ்சாகத் தெரியும். கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் சந்திரகாந்தம் 6 முதல் 6.5 வரைதான், நீலக்கல்லுக்கு 9. அதனால் மற்ற நகைகளோடு ஒரே டப்பாவில் போட்டால் கீறல் விழும். எளிதில் பிளக்கும் கல்லும்கூட, கீழே போட்டால் பிளந்துபோகலாம்.

'டிரைபல்' என்றால் எந்த மக்களுடைய வடிவம் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் அந்தப் பெயருக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். உருண்டையும் சதுரமுமாகச் சேர்த்த பாம்படத்தின் அழகு நம் கிழவிகளின் காதிலேயே இருந்தது, அந்தச் சாயலில் லேசாகச் செய்த கஃப் கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.

அப்புறம், கல்யாணத்தன்று விடிகாலைக் குளிருக்கு மஃப்ளர் சுற்றுவீர்கள் அல்லவா, அதைக் கழற்றிய பிறகு கஃப்பை மாட்டுங்கள். கம்பளி நூல் கல்லின் கொக்கியில் சிக்கினால் இரண்டுமே போய்விடும்.