முப்பது வயதுக்கு மேல் ஓவியம் பழக எங்கிருந்து தொடங்குவது?

நாகர்கோவிலில் இருப்பதாகவும், பள்ளி முடித்தபின் பென்சில் தொட்டதே இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். பெயிண்ட் வாங்க ஓடாதீர்கள். ஒரு எச்பி (சாதாரண) பென்சில், ஒரு 4பி (மென்மையான, கருமையான) பென்சில், மலிவான நோட்டு. இரண்டு மாதத்துக்கு இவை போதும்.

ஆரம்பத்தில் கை தவறுவதை விடக் கண் தவறுவதே அதிகம். கண்ணைப் பழக்க உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே நல்ல பாடம் இருக்கிறது: கன்னியாகுமரியில் கடலில் நிற்கும் திருவள்ளுவர் சிலை. பீடம் 38 அடி, சிலை 95 அடி. கரையில் நின்று, கையை முழுக்க நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பென்சிலால் பீடத்தின் உயரத்தை அளங்கள். அதே அளவு சிலையில் இரண்டரை முறை அடங்கும். முதலில் அளக்காமல் வரைந்து பாருங்கள், பெரும்பாலோர் பீடத்தைப் பெரிதாக்கிவிடுவார்கள். நானும்தான்!

அடுத்து மாத்தூர் தொட்டிப்பாலம், பள்ளத்தாக்குக்கு மேலே கால்வாய் நீரைக் கொண்டுபோகும் நீண்ட பாலம். நடைபாதையில் நின்றால் இரு பக்கச் சுவர்களும் தூரத்தில் ஒரே புள்ளியில் சேர்வதுபோல் தெரியும். அந்தப் புள்ளி உங்கள் கண்மட்டத்தில் இருக்கும். உட்கார்ந்தால் அதுவும் இறங்கும். தூரத்தை வரைவதற்கான விதியை இதைவிடத் தெளிவாக எந்த வீடியோவும் காட்டாது.

பிறகு வாட்டர் கலருக்கு வரும்போது 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) தடித்த தாள் வாங்குங்கள், மெல்லியது சுருண்டுவிடும். வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போங்கள். அலை நுரைக்கு வெள்ளை பூச வேண்டாம், தாளை அப்படியே விட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் தாள் காயவே காயாது, வீட்டில் ஹேர் டிரையர் இருந்தால் எடுத்துவையுங்கள்.