ஏ லெவலில் புவியியல்: தயங்கும் பெற்றோருக்கு

மகள் ஏ லெவலில் (இங்கிலாந்தில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய இரண்டாண்டுப் படிப்பு) கணக்கு, வேதியியலோடு மூன்றாவதாகப் புவியியல் எடுக்கிறேன் என்கிறாள். "அது மனப்பாடப் பாடம்தானே, பல்கலைக்கழகத்தில் மதிப்பார்களா?" என்பது உங்கள் கவலை. யூகாஸ் (பல்கலைக்கழகச் சேர்க்கை அமைப்பு) புள்ளிக் கணக்கில் பாடத்துக்குப் பாடம் வேறுபாடு கிடையாது. இயற்பியலில் ஏ வாங்கினாலும் புவியியலில் ஏ வாங்கினாலும் 48 புள்ளிதான். மனப்பாடம் என்பதுதான் சரியில்லை. இங்கிலாந்தின் ஏ லெவலில் மனப்பாடத்தை நம்பிப் போகிறவர்கள்தான் முதலில் சறுக்குகிறார்கள்.

ஏ.க்யூ.ஏ. என்ற தேர்வு வாரியத்தை எடுத்துக்கொள்வோம். இயற்கைப் புவியியலுக்கு ஒரு தாள், மானிடப் புவியியலுக்கு ஒரு தாள். ஒவ்வொன்றும் இரண்டரை மணி நேரம், 120 மதிப்பெண், 40 சதவீதம். மீதி 20 சதவீதம் மாணவர் தாமே செய்யும் கள ஆய்வு அறிக்கைக்கு. எடெக்செல் என்ற இன்னொரு வாரியத்தில் தாள்கள் மூன்று. ஆனால் கள ஆய்வின் பங்கு அங்கேயும் 20 சதவீதம்தான். தேர்வுகள் எல்லாம் இரண்டாம் ஆண்டின் முடிவில் வரும்.

20 மதிப்பெண் கட்டுரையில் என்ன கேட்கிறார்கள் என்பதற்கு ஓர் உதாரணம். இங்கிலாந்தின் கிழக்கே, வட கடலை ஒட்டிய ஹோல்டர்னெஸ் கரை களிமண் பாறையால் ஆனது, வேகமாக அரிக்கப்படுவது. அங்குள்ள மேப்பிள்டன் கிராமத்தையும் அதன் சாலையையும் காக்க 1991இல் பாறைகளால் இரண்டு தூண்டில் வளைவுகள் (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் தடுப்புகள்) கட்டினார்கள். கிராமம் தப்பியது. இவ்வளவையும் பிழையில்லாமல் எழுதும் மாணவருக்கும் நடுத்தர மதிப்பெண்தான். அலை மணலைத் தெற்கு நோக்கி நகர்த்துகிறது. வளைவுகள் அதைப் பிடித்து வைத்ததால் தெற்கே கௌடன் பக்கம் கரை மெலிந்து, அரிப்பு கூடியது. ஆகவே 'பாதுகாப்பு வெற்றி' என்பது யாருக்கு, எவ்வளவு தூரத்துக்கு என்று எடைபோட்டு ஒரு முடிவுக்கு வருபவரே மேல் வரிசைக்குப் போகிறார். "எந்த அளவுக்கு" என்று கேட்ட கேள்விக்கு வெறும் விவரணை எழுதிவிட்டு வருவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

கள ஆய்வில்தான் கவனம் அதிகம் வேண்டும். இரண்டு ஆண்டுகளில் குறைந்தது 4 நாள் களப்பணி கட்டாயம். அறிக்கைக்கு 3,000 முதல் 4,000 சொற்கள் வரை வழிகாட்டியிருக்கிறார்கள். கேள்வியை மாணவரே வகுக்க வேண்டும். "லண்டனில் காற்று மாசா?" என்றால் யாராலும் அளந்து முடிக்க முடியாது. "இந்தச் சாலையிலிருந்து தூரம் கூடக்கூட இரைச்சல் குறைகிறதா?" என்றால் பத்து இடத்தில் நின்று ஒரே நேர வரம்புக்குள் அளந்துவிடலாம்.

அடுத்து புள்ளியியல். ஓர் ஆற்றில் கீழ்நோக்கிப் போகும் தூரத்துக்கும் அகலத்துக்கும் தொடர்பு உண்டா என்று 10 இடங்களில் அளந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பியர்மன் முறை என்பது இரண்டு அளவுகளையும் தரவரிசைப்படுத்தி அவற்றின் தொடர்பைக் காண்பது. அதில் தர வேறுபாடுகளின் வர்க்கங்களைக் கூட்டினால் 60 வருகிறது. ஆறால் பெருக்கினால் 360. அதை 990ஆல் (10 × 99) வகுத்து 1இலிருந்து கழித்தால் 0.636. பார்க்க வலுவான தொடர்பு போலத்தான் இருக்கும். ஆனால் 10 இடங்களுக்கு 5 சதவீத நிலையில் இருபுறச் சோதனையில் (கூடுதல், குறைதல் இரண்டையும் பார்ப்பது) எட்ட வேண்டிய வரம்பு 0.648. அதை எட்டவில்லை, ஆகவே தற்செயல் என்பதைத் தள்ள முடியாது. "தொடர்பு இருக்கிறது" என்று எழுதுபவர் இங்கேதான் மாட்டுகிறார். ஏன் எட்டவில்லை, இடங்கள் போதவில்லையா, பாலத்துக்குக் கீழே அளந்த ஓர் இடம் கெடுத்ததா என்று ஆராய்ந்தால் அதற்கு மதிப்பெண் உண்டு. கணக்கு எடுக்கும் உங்கள் மகளுக்கு இது சாதகமான இடம்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: டியூஷன் ஆசிரியரோ அண்ணனோ இந்த அறிக்கையைத் திருத்தி எழுதிக்கொடுக்கக் கூடாது. ஏ.ஐ. எழுதியதைத் தன்னுடையது என்று காட்டுவதும் முறைகேடுதான். பிடிபட்டால் பாதிப்பு அந்த அறிக்கையோடு நின்றுவிடாது.

வேலை என்று வந்தால் வெள்ள அபாயக் கணிப்பு, நகரத் திட்டமிடல், நில அளவை, காப்பீட்டு நிறுவனங்களின் பேரிடர் மாதிரிகள், ஜி.ஐ.எஸ். (கணினியில் இடம்சார் தகவலை வரைபடமாக்கும் முறை) வரைபடப் பகுப்பாய்வு எல்லாம் இந்த வழியில் வருபவை. மருத்துவம் மனத்தில் இருந்தால் வேதியியலோடு உயிரியல் இருப்பது பாதுகாப்பு. மூன்றாவது பாடம் புவியியலாக இருப்பதைப் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் தடையாகப் பார்ப்பதில்லை. ஆனால் மகள் இப்போது சொல்லும் மூன்று பாடங்களில் உயிரியல் இல்லை என்பதால், அந்த முடிவை ஏ லெவலின் முதல் ஆண்டான இயர் 12 தொடங்கும் முன்பே எடுத்துவிடுங்கள்.

பள்ளியின் திறந்த நாளுக்குப் போகும்போது கேளுங்கள்: எந்த வாரியம், கடற்கரையா பனியாறா எதைக் கற்பிக்கிறார்கள், களப்பணி எங்கே, எந்த மாதம். வெளியூரில் தங்கும் பயணமானால் தங்குமிட, உணவுச் செலவை அரசுப் பள்ளிகூடக் கேட்கலாம். குறிப்பிட்ட அரசு உதவிகள் பெறும் குடும்பத்துக்கு அதில் விலக்கு உண்டு.