சிரித்தால் முட்டி மடங்குகிறது, பகலெல்லாம் தூக்கம்: மெஷின் வாங்கலாமா?

கேள்வி: என் தங்கைக்கு 22 வயது. நான்கு வருடமாகப் பகலில் அவளால் விழித்திருக்க முடியவில்லை. இரவில் எட்டு மணி நேரம் தூங்கினாலும் வகுப்பில், பஸ்ஸில், ஏன், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுவாள். யாராவது சிரிக்க வைத்தால் முட்டி மடங்கி அப்படியே உட்கார்ந்துவிடுகிறாள். வலிப்போ என்று ஸ்கேன் எடுத்தோம், ஒன்றுமில்லை. மனச்சோர்வு என்று சொல்லி ஒரு வருடமாக மாத்திரை தருகிறார்கள். அதற்கப்புறம் முட்டி மடங்குவது குறைந்திருக்கிறது, தூக்கம் குறையவில்லை. இப்போது தெரிந்தவர் மூலமாக வந்த ஒருவர், வீட்டிலேயே ஒரு இரவு கருவி மாட்டிப் பார்த்துவிட்டு, "தூக்கத்தில் லேசான மூச்சடைப்பு, சிபாப் மெஷின் வாங்கிவிடுங்கள்" என்கிறார். தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் கருவியாம் அது. ஒரு மரபணு ரத்தப் பரிசோதனை செய்தால் நார்கோலெப்சி என்ற தூக்க நோயா என்பதும் உறுதியாகிவிடுமாம். மெஷின் வாங்கலாமா? அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது, விட்டுவிடச் சொல்லலாமா?

பதில்: மெஷினை வாங்காதீர்கள். நீங்கள் இதைப் படித்து முடிப்பதற்குள் அவர் இன்னொரு முறை போன் செய்து "சலுகை இந்த வாரத்தோடு முடிகிறது" என்பார். முடியட்டும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது தூக்கம் அல்ல, அந்தச் சிரிப்புதான். பகலில் தூங்கி வழிய எத்தனையோ காரணம் உண்டு. தூக்கம் போதாமல் இருக்கலாம், இரவு ஷிஃப்டாக இருக்கலாம், தைராய்டு, அலர்ஜி மாத்திரை, குறட்டையோடு வரும் மூச்சடைப்பு என்று பட்டியல் நீளும். சிரித்தால் முட்டி மடங்குவதற்கு அப்படிப் பட்டியல் கிடையாது. நினைவு தப்பாமலே தசைகள் மட்டும் தளர்ந்து, பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் தானாகச் சரியாகிவிடும் இந்த நிலைக்குக் கேட்டப்லெக்ஸி என்று பெயர். தீராத பகல் தூக்கத்தோடு இதுவும் சேர்ந்தால் நார்கோலெப்சியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நான்கு வருடத்தில் யாராவது ஒரு டாக்டர் "சிரிக்கும்போது என்ன ஆகிறது?" என்று கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. நரம்பு டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார், மனநல டாக்டர் மனதைப் பார்த்தார், அவரவர் பங்கு முடிந்தது. இந்த நோயைக் கண்டுபிடிக்கப் பத்து வருடம் ஆவதெல்லாம் உலகம் முழுக்கச் சர்வசாதாரணம் என்று சொன்னால் நம்புவீர்களா?

கேட்டப்லெக்ஸி நேரில் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். என்னிடம் வந்த ஒரு பையன் தன் நண்பனையும் கூட்டி வந்திருந்தான். நண்பன் ஏதோ பழைய கதையை எடுத்துவிட்டான். பையன் சிரிக்க ஆரம்பித்தான். முதலில் இமை சொருகியது. தாடை தொங்கி, பேச்சு குழறியது. அப்புறம் தலை முன்னால் விழுந்தது, கையிலிருந்த போன் மடியில் நழுவியது. நான் சுத்தியலை எடுத்து முட்டிக்குக் கீழே தட்டினேன், கால் உதறவில்லை. அரை நிமிடம் கழித்து அவன் நிமிர்ந்ததும் அதே இடத்தில் தட்டினேன், கால் நன்றாக உதறியது. இடையில் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதை அவன் ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொன்னான். நினைவு தப்பும் வலிப்பில் இப்படிச் சொல்ல முடியாது. உங்கள் தங்கையிடமும் கேட்டுப் பாருங்கள், விழும்போது நாம் பேசுவது காதில் விழுகிறதா என்று.

ஏன் இப்படி ஆகிறது? கனவு காணும் தூக்கத்தில் மூளை உடம்பின் தசைகளை அணைத்து வைக்கிறது, இல்லாவிட்டால் கனவில் ஓடுகிறவர் கட்டிலை விட்டு ஓடிவிடுவார். விழிப்பையும் கனவுத் தூக்கத்தையும் தனித்தனியாக வைத்திருப்பதில் ஓரெக்சின் என்ற ரசாயனத்துக்குப் பெரிய பங்கு. 1998இல்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். அதைச் சுரக்கும் மூளைச் செல்கள் நார்கோலெப்சிக்காரர்களிடம் அழிந்து போயிருப்பது 2000இல் தெரிந்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தவறுதலாக அவற்றை அழித்துவிடுகிறது என்பதுதான் இப்போது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். ஓரெக்சின் என்ற அந்தத் தடுப்பு போய்விட்டால் கனவின் துண்டுகள் பகலுக்குள் கசியும். சிரிக்கும்போது தசை அணைந்தால் முட்டி மடங்குகிறது. எழும்போது அணைந்தால் கண் விழித்தும் கை கால் அசையாது, அமுக்குவான் என்போமே, அதுதான். தூங்கப் போகும்போது அறையில் யாரோ நிற்பதுபோலத் தெரிவதும் இதே கதை. சோம்பேறித்தனத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நார்கோலெப்சி என்று 1880இல் ஒரு பிரெஞ்சு மருத்துவர் பெயர் வைத்தாயிற்று. வீட்டிலும் வகுப்பிலும் இன்னும் "சோம்பேறி" என்ற பெயர்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, அந்த வீட்டுக் கருவிக்கு வருவோம். மூக்கில் ஒரு குழாய், நெஞ்சில் ஒரு பட்டை, விரலில் ஒரு கிளிப், அவ்வளவுதானே? அது மூச்சையும் ஆக்சிஜனையும் நாடித்துடிப்பையும் அளக்கும். மூளை அலையை அளக்காது. உங்கள் தங்கை தூங்கினாளா, படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தாளா என்பதே அதற்குத் தெரியாது. கனவுத் தூக்கம் எப்போது வந்தது என்று தெரியவே தெரியாது. நார்கோலெப்சியைப் பொறுத்தவரை அது குருட்டுக் கருவி. ஆனால் ரிப்போர்ட் மட்டும் கலர் கலராக வரும்.

அந்த ரிப்போர்ட்டில் மணிக்கு இத்தனை தடவை மூச்சு தடைப்பட்டது என்று ஒரு எண் இருக்கும். ஐந்துக்குக் கீழே என்றால் சரி, ஐந்திலிருந்து பதினைந்துக்குள் என்றால் லேசானது. நீங்கள் எண்ணை எழுதவில்லை, லேசானது என்று அவரே சொல்வதால் அந்த வரிசையில்தான் இருக்கும். அப்படியே அது உண்மையாக இருந்தாலும், லேசான மூச்சடைப்பு ஒருவரைச் சிரிக்கும்போது தரையில் உட்கார வைக்காது. மெஷின் மாட்டியும் தூக்கம் போகாது. போகவில்லை என்று சொன்னால் "பழக வேண்டும்" என்பார்கள், "மாஸ்க் சைஸ் சரியில்லை, அடுத்த மாடல் பாருங்கள்" என்பார்கள். ஆறு மாதம் ஓடிவிடும். பரிசோதனை செய்பவரும் மெஷின் விற்பவரும் ஒரே ஆளாக இருக்கும் இடத்தில் "உங்களுக்கு மெஷின் தேவையில்லை" என்ற ரிப்போர்ட்டை நான் பார்த்ததில்லை. கமிஷன் எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் நோயும் இருக்கும். உரக்கக் குறட்டை விட்டு, மூச்சு நின்று திணறி எழுபவருக்கு அந்த மெஷின் உயிர்காக்கும் சாமான். அதைக் குறை சொல்லவில்லை.

மரபணு ரத்தப் பரிசோதனை இன்னொரு பொறி. கேட்டப்லெக்ஸியோடு வரும் நார்கோலெப்சிக்காரர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் ஒரு குறிப்பிட்ட மரபணு வகை இருப்பது உண்மைதான். ஆனால் எந்த நோயும் இல்லாதவர்களில்கூட எட்டில் ஒருவரிலிருந்து மூன்றில் ஒருவர்வரை அதே வகை உண்டு. நார்கோலெப்சியோ ஏறக்குறைய இரண்டாயிரம் பேரில் ஒருவருக்குத்தான். பாசிட்டிவ் என்று வரும் காகிதம் எதை நிரூபிக்கிறது? ஒன்றையும் நிரூபிக்காது.

தேவையான பரிசோதனை வேறு. தூக்க மருத்துவம் தெரிந்த டாக்டர் இருக்கும் ஆய்வகத்தில் ஒரு இரவும் அடுத்த பகலும் தங்க வேண்டும். இரவில் தலையில் மின்முனைகள் ஒட்டி முழுத் தூக்கத்தையும் பதிவு செய்வார்கள், மூச்சடைப்பு நிஜமாகவே இருந்தால் அதிலேயே தெரிந்துவிடும். மறுநாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஐந்து தடவை, இருட்டறையில் தூங்கச் சொல்வார்கள். ஒவ்வொரு முறையும் தூங்க 20 நிமிடம் அவகாசம். சராசரியாக 8 நிமிடத்துக்குள் தூங்கிவிட்டு, இரண்டு தடவையாவது கனவுத் தூக்கம் 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் நார்கோலெப்சிக்குச் சாதகமான முடிவு. மற்றவர்களுக்குக் கனவுத் தூக்கம் வர ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம் ஆகும். முந்தைய இரவு ஆறு மணி நேரமாவது தூங்கியிருக்க வேண்டும், அன்று காபி, டீ கூடாது. அதற்கு முன் ஒன்றிரண்டு வாரம் படுத்த நேரம், எழுந்த நேரம் எழுதிய நோட்டு வேண்டும். தினம் ஐந்து மணி நேரம் தூங்குகிறவரைக் கொண்டு போய்ப் படுக்க வைத்தாலும் இதே முடிவு வந்து தொலைக்கும், அதற்காகத்தான் அந்த நோட்டு. எங்கே செய்தாலும் "ஐந்து தடவையும் நடக்குமா?" என்று முன்கூட்டியே கேளுங்கள். மூன்று தடவையோடு ஊழியர்கள் கிளம்பிவிட்டு, "நார்மல்" என்று எழுதித் தந்த ரிப்போர்ட் என் மேசைக்கு வந்திருக்கிறது.

இப்போது அந்த மனச்சோர்வு மாத்திரை. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மாத்திரைக்கு அப்புறம் முட்டி மடங்குவது குறைந்தது என்கிறீர்கள். "அப்படியானால் மனச்சோர்வுதான்" என்று வீட்டில் முடிவு கட்டியிருப்பீர்கள். அது தப்பு. அந்த வகை மாத்திரைகளில் பெரும்பாலானவை கனவுத் தூக்கத்தை அமுக்கும், அதனாலேயே கேட்டப்லெக்ஸியையும் குறைக்கும். நார்கோலெப்சிக்காரர்களுக்கு அதற்கென்றே அவற்றைத் தருகிறோம். ஆக, குறைந்தது என்பது நார்கோலெப்சிக்கு எதிரான சாட்சி அல்ல, சாதகமான சாட்சி. ஆனால் இதே குணம் பரிசோதனையைக் கெடுத்துவிடும். மாத்திரை உடம்பில் இருக்கும்போது போய்ப் படுத்தால் கனவுத் தூக்கம் தலைகாட்டாது, "நார்கோலெப்சி இல்லை" என்று எழுதிவிடுவார்கள், அந்தக் காகிதத்தைக் காட்டி அடுத்த ஐந்து வருடம் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எனவே பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே மாத்திரை உடம்பை விட்டுப் போயிருக்க வேண்டும். ஃப்ளுவாக்செடின் என்றால் இரண்டு வாரம் போதாது, அது வெளியேற ஐந்தாறு வாரம்கூட ஆகும்.

அதற்காக இன்றைக்கே டப்பாவைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்! திடீரென்று நிறுத்தினால் அமுங்கிக் கிடந்த கேட்டப்லெக்ஸி மொத்தமாகத் திரும்பி வரும். ஒரு நாளில் பல தடவை, சிலருக்குச் சிரிப்புகூட இல்லாமல், மணிக்கணக்கில் துவண்டு கிடக்கும் அளவுக்கு வரலாம். போதாததற்குத் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை. எழுதிக் கொடுத்த மனநல டாக்டரிடமே போய், "தூக்கப் பரிசோதனைக்காக மெதுவாகக் குறைக்க முடியுமா?" என்று கேளுங்கள். அவளுக்கு உண்மையிலேயே ஆழமான மனச்சோர்வு இருந்து, நிறுத்துவது ஆபத்து என்று அவர் சொன்னால் நிறுத்தக் கூடாது. அப்போது மாத்திரையோடுதான் பரிசோதனை, அதை ரிப்போர்ட்டில் எழுத வேண்டும், முடிவை அதற்கேற்பப் படிக்க வேண்டும். முதுகுத்தண்டு நீரை எடுத்து ஓரெக்சின் அளவை நேரடியாகப் பார்க்கும் வழியும் இருக்கிறது. அதை மாத்திரை கெடுக்காது, ஆனால் எல்லா இடத்திலும் செய்வதில்லை. குறைக்கும் வாரங்களில் படிக்கட்டு, அடுப்பு, குளியல் எல்லாவற்றிலும் யாராவது பக்கத்தில் இருங்கள்.

வேலையை விடச் சொல்லாதீர்கள். நார்கோலெப்சி என்று உறுதியானாலும் வேண்டாம். இதைக் குணப்படுத்த மருந்து இல்லை, கட்டுக்குள் வைக்க உண்டு. விழிப்புக்கு மொடாஃபினில் போன்றவை. அதை யாரோ தந்தார்கள், ஆன்லைனில் கிடைத்தது என்று டாக்டர் சீட்டு இல்லாமல் விழுங்க வேண்டாம். கருத்தடை மாத்திரையின் பலனை அது குறைத்துவிடும், நிறுத்திய பிறகும் சில வாரம் அந்த விளைவு இருக்கும். அண்ணனாக நீங்கள் கேட்கச் சங்கடப்படுவீர்கள், அவளே டாக்டரிடம் தனியாகப் பேசட்டும். தோலில் தடிப்பு வந்தால் உடனே நிறுத்திவிட்டுப் போய்க் காட்ட வேண்டும்.

மருந்தோடு சேர்ந்து கைகொடுப்பது குட்டித் தூக்கம். மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று, 15 அல்லது 20 நிமிடம், அலாரம் வைத்து, தூக்கம் தள்ளுவதற்கு முன்பே. நார்கோலெப்சிக்காரர்கள் அந்தக் குட்டித் தூக்கத்திலிருந்து பெரும்பாலும் தெளிவாக எழுவார்கள், அடுத்த இரண்டு மூன்று மணி நேரம் ஓடும். டாக்டர் கடிதத்தோடு அலுவலகத்தில் இதைத்தான் கேட்க வேண்டும்: ஒரு அறை, இரண்டு இடைவேளை, இரவு ஷிஃப்ட் வேண்டாம். தருவார்களா? சில இடங்களில் சிகரெட்டுக்கு ஐந்து தடவை வெளியே போகலாம், பதினைந்து நிமிடம் கண் மூடக் கூடாது. போராடித்தான் வாங்க வேண்டும். வண்டி ஓட்டுவது மட்டும், தூக்கமும் கேட்டப்லெக்ஸியும் அடங்கிவிட்டன என்று டாக்டர் சொல்லும்வரை கூடவே கூடாது, பக்கத்துத் தெருவுக்குக்கூட.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது மூன்று பொருள் கொண்டு போங்கள். ஒன்று, மேலே சொன்ன தூக்க நோட்டு. இரண்டு, அவளுடைய பழைய வகுப்பு நோட்டுகளில் ஏதாவது ஒன்று. அதில் எழுத்து சரிந்து சரிந்து கோடாகி, பக்கத்துக்கு வெளியே போயிருக்கும் இடங்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள், தூங்கிக்கொண்டே கை எழுதிய இடங்கள் அவை. மூன்று, அவள் சம்மதத்தோடு எடுத்த வீடியோ. சிரிக்க வைத்து, முகமும் முட்டியும் தெரியும்படி, மெத்தைப் பக்கத்தில் நிற்க வைத்து எடுங்கள். மெஷின்காரரிடமிருந்து ரிப்போர்ட்டின் முழுப் பிரதியையும் கேட்டு வாங்கி, அதையும் அந்தப் பையிலேயே போட்டுவிடுங்கள். முன்பணம் கொடுத்திருந்தால் திருப்பித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், போனில் கேட்டால் "பார்க்கலாம் சார்" என்றுதான் வரும்.