மாலைதீவில் மிட்ஃபீல்டர், கையில் 28 லட்சம்: நிலாவெளியில் அறை கட்டலாமா?

கேள்வி: அண்ணா, எனக்கு 26 வயது, ஊர் திருகோணமலை. ஏகாம்பரம் மைதானத்தில் விளையாடத் தொடங்கி, கொழும்புக் கழகம் ஒன்றில் மூன்று சீசன் ஆடிவிட்டு, இப்போது மாலைதீவில் ஒரு கழகத்தில் மிட்ஃபீல்டராக இருக்கிறேன். ஒன்பது மாத ஒப்பந்தம், மாதம் 900 டொலர். இன்னும் நான்கு மாதம் மிச்சம். கடைசி இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை. சேமிப்பு 28 லட்சம் ரூபாய். நிலாவெளியில் தன் காணியில் சுற்றுலாப் பயணிகளுக்கு நாலு அறை கட்டுவோம், பாதிப் பங்கு என்கிறார் அத்தான். லீசிங்கில் வான் எடுக்கச் சொல்கிறான் சிநேகிதன். அம்மா நகை வாங்கி வை என்கிறா. வீட்டுச் செலவுக்கு மாதம் 80 ஆயிரம் நான்தான் அனுப்புகிறேன். குரோஷிய மிட்ஃபீல்டர் மொட்ரிச் 40 வயதிலும் ஆடுகிறார், எனக்கும் காலம் இருக்கிறதுதானே?

பதில்: தம்பி, அத்தானையும் வானையும் அப்புறம் பார்ப்போம், முதலில் வராத அந்த இரண்டு மாதச் சம்பளம். இன்றைய மதிப்பில் அது ஐந்து லட்சத்துக்கு மேல், உங்கள் வீட்டுக்கு ஆறு மாதச் செலவு, அதை நீங்கள் ஏதோ போகிற போக்கில் ஒரு வரியில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள்.

நீங்கள் இலங்கையர், கழகம் மாலைதீவில் இருக்கிறது, ஆகவே இது ஃபிஃபாவின் விதிகளுக்குள் வருகிற விவகாரம். இரண்டு மாதச் சம்பளம் நிலுவையானால் எழுத்தில் அறிவித்து 15 நாள் அவகாசம் கொடுக்கலாம், அதற்குள்ளும் தராவிட்டால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. ஃபிஃபாவின் பிணக்குத் தீர்ப்பு மன்றத்தில் முறையிட வீரரிடம் கட்டணமும் கேட்பதில்லை, ஆனால் பணம் தர வேண்டிய நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். உடனே முறித்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. மெனேஜரோடு வாட்ஸ்அப்பில் ‘பாஸ், சம்பளம்?’ என்று கேட்டுக்கொண்டிருப்பது அறிவித்தல் ஆகாது, கழகத்தின் முகவரிக்கும் மின்னஞ்சலுக்கும் தொகை, மாதம், திகதி எல்லாம் போட்டு ஒரு கடிதம் போக வேண்டும். பெரும்பாலும் அந்தக் கடிதமே பாதிப் பணத்தைக் கொண்டுவரும். இன்னொன்று, ஒப்பந்தத்தில் 900 டொலர் என்று இருக்கிறதா, அல்லது அதற்குச் சமமான ரூஃபியா, அதாவது மாலைதீவுக் காசு, என்று இருக்கிறதா? அங்கே வங்கி விலை டொலருக்கு 15.42 ரூஃபியா, ஆனால் அந்த விலைக்கு வங்கியில் டொலர் வாங்குவது லேசில்லை, வெளியே வாங்கப் போனால் கூடக் கொடுக்க வேண்டும். ரூஃபியாவில் கை நீட்டினால் மாதாமாதம் உங்கள் சம்பளத்தில் ஒரு துண்டு இப்படியே போய்விடும்.

சரி, மொட்ரிச். 33 வயதில், 2018ல், உலகின் சிறந்த வீரருக்கான பலோன் டோர் விருது வாங்கினார், 2025ல் ரியல் மட்ரிட்டை விட்டு மிலானுக்குப் போனார், எல்லாம் உண்மைதான். மிட்ஃபீல்டருக்கு இந்த ஒரு வசதி இருக்கிறது, ஓட்டம் குறைந்தாலும் ஆட்டத்தை வாசிக்கத் தெரிந்தால் கொஞ்சம் பின்னுக்கு வந்து நின்று இன்னும் சில வருடம் ஓட்டலாம். ஆனால் நான் உங்களை சான்டி கசோர்லாவைப் பார்க்கச் சொல்வேன். இங்கிலாந்தின் ஆர்சனல் கழகத்தில் நடுக்களத்தையே கையில் வைத்திருந்த ஸ்பானிய வீரர். 2016 ஒக்டோபரில் காயத்தோடு வெளியே போனவர், குதிக்கால் தசைநாணில் எட்டு சென்ரிமீற்றர் அளவு கிருமித் தொற்றில் அழிந்து, அறுவைச் சிகிச்சைக்கு மேல் சிகிச்சை செய்து, மீண்டும் லீக் போட்டியில் இறங்கியது 2018ல், அதுவும் வில்லரியால் கழகத்துக்கு. அவ்வளவு காலமும் அவருக்கு ஒரு பெரிய கழகத்தின் ஒப்பந்தம் கையில் இருந்தது. உங்கள் ஒப்பந்தத்தில் காயம் பற்றி என்ன எழுதியிருக்கிறது? முழங்கால் தசைநார் அறுந்தால் மைதானத்துக்குத் திரும்பவே ஆறு முதல் ஒன்பது மாதம், சில வேளை அதற்கு மேலும். உங்கள் முழு ஒப்பந்தமே ஒன்பது மாதம்தான். காப்புறுதி இருக்கிறது என்று யாராவது சொன்னால் தொழில்முறை விளையாட்டில் வரும் காயத்துக்கும் பொருந்துமா என்று எழுத்தில் கேளுங்கள், சாதாரண விபத்துக் காப்புறுதிகள் பலவற்றில் அதை விலக்கித்தான் வைத்திருப்பார்கள்.

அதனால் உங்களுக்கு ஒரே ஒரு விதி சொல்கிறேன்: ஒப்பந்தம் முடிகிற திகதியைத் தாண்டிப் போகும் எந்தத் தவணைக்கும் கையெழுத்து வைக்காதீர்கள். வான் விஷயம் இதோடு முடிந்தது. ஐந்து வருட லீசிங் என்றால் 60 தவணை, உங்களுக்கு உறுதியான சம்பளம் நாலு மாதம், அதிலும் கழகம் ஏற்கெனவே இழுக்கிறது. ஓட்டுநர் யார், டயர் யார் போடுவது, வண்டி தட்டுப்பட்டால் யார் வந்து நிற்பது என்றெல்லாம் நீங்கள் மாலேயிலிருந்து போனில் பார்க்க முடியாது.

நிலாவெளி அறைகள் அவ்வளவு மோசமான யோசனை இல்லை, ஆனால் இப்போது வேண்டாம். நம்முடைய கரையில் சீசன் மே முதல் செப்ரெம்பர் வரை, வாடைக்காற்று தொடங்கிவிட்டால் அறை பூட்டித்தான் கிடக்கும், ஆகவே கணக்கை ஐந்து மாத வருமானம், பன்னிரண்டு மாதச் செலவு என்று போட வேண்டும். அதைவிடப் பெரிய கேள்வி காணி. அது அத்தான் பெயரில் உறுதி உள்ள சொந்தக் காணியா, அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியா? அனுமதிப்பத்திரம் என்றால் அத்தான் நினைத்தாலும் பாதியை உங்கள் பெயருக்கு எழுதித் தர முடியாமல் போகலாம். உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றருக்குள் என்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். கட்டடம் காணியோடுதான் போகும் தம்பி, நீங்கள் போட்ட கல்லும் சீமெந்தும் சட்டப்படி அத்தானுடைய காணியில் நிற்கும், பாதிப் பங்கு என்பது வாய்ப்பேச்சாகவே இருக்கும். உறுதிக் காணி என்றால், அடுத்த ஒப்பந்தம் கையில் வந்த பிறகு, நொத்தாரிசு முன்னிலையில் நீண்டகாலக் குத்தகை எழுதி, காணிப் பதிவகத்தில் பதிந்து, இரண்டு அறையோடு தொடங்குங்கள். முகத்துக்கு நேரே மறுக்கக் கூச்சமாக இருந்தால், காசு ஒரு வருடத்துக்குக் கட்டி வைத்தாயிற்று என்று சொல்லுங்கள், ஏனென்றால் நான் அதைத்தான் செய்யச் சொல்லப் போகிறேன்.

28 லட்சத்தில் முதல் 10 லட்சம் வீட்டின் ஒரு வருடச் செலவு. அது தேசிய சேமிப்பு வங்கியில் போகட்டும், அங்கே வைப்புக்கு அரசாங்கமே பொறுப்பு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை முதிரும்படி நாலாகப் பிரித்துப் போடுங்கள், ஒரு சீசன் விளையாடாமல் போனாலும் அம்மா யாரிடமும் கேட்க வேண்டி வராது. மிச்சம் 18 லட்சத்தை இரண்டு வங்கியில் ஒரு வருட நிலையான வைப்பில் போடலாம், கொஞ்சத்தை அரசாங்கம் குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கும் திறைசேரி உண்டியலிலும் போடலாம். 2022 கடைசியில் 20 வீதத்தைத் தாண்டியிருந்த வட்டி இப்போது ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டது, அதிலும் 10 வீதத்தை வரியாகப் பிடிப்பார்கள், அதனால் வட்டியில் பணக்காரராகலாம் என்று கனவு காண வேண்டாம். இந்த நேரம் பார்த்து நிதிக் கம்பனிக்காரர் இரண்டு வீதம் கூடத் தருகிறோம் என்று வருவார்கள். ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு வைப்புக் காப்புறுதி 11 லட்சம் வரைதான், அதற்கு மேல் போட்டால் அந்த மேலதிகத்துக்கு நீங்களே பொறுப்பு.

இனி வருகிற டொலரை எல்லாம் உடனே மாற்றாதீர்கள். தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்றைத் திறந்து மூன்றில் ஒரு பங்கை டொலராகவே விட்டுவையுங்கள். 2022ல் 200 ரூபாயாக இருந்த டொலர் சில மாதத்தில் 360 ஆனதை மறந்திருக்க மாட்டீர்கள்.

கொழும்புக் கழகத்தில் இருந்த மூன்று சீசனுக்கும் ஊழியர் சேமலாப நிதி கட்டினார்களா? ஊழியர் என்று வைத்திருந்தால் உங்கள் 8 வீதத்தோடு அவர்களுடைய 12 வீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு அவர்களுடைய 3 வீதமும் போயிருக்க வேண்டும். அடையாள அட்டையோடு தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். கட்டவேயில்லை என்றால் சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டத்தையும் விசாரித்துப் பாருங்கள், 26 வயதில் சேர்ந்தால் மாதாமாதம் கட்டும் பணம் சின்னதாகத்தான் வரும்.

அடுத்த லீவில் ஊருக்கு வரும்போது ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் ஆரம்பநிலைப் பயிற்றுநர் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். விளையாடிக்கொண்டே எடுக்கலாம், பாடசாலைகளும் கழகங்களும் கேட்கிற கடதாசி அது.

அந்த 18 லட்சத்தை வைப்பில் போடுமுன் அதிலிருந்து அம்மாவுக்கு இரண்டு பவுண் வாங்கிக் கொடுங்கள், அதில் தப்பில்லை. வளையலாகச் செய்யாமல் நாணயமாக வாங்கினால் செய்கூலி மிச்சம், அவசரத்துக்கு வங்கியில் அடகும் வைக்கலாம். அதற்குமேல் அம்மா கேட்டால் அந்த இரண்டு மாதச் சம்பளம் வரட்டும் என்று சொல்லுங்கள், கடிதத்தை இந்தக் கிழமையே அனுப்பிவிட்டு.