இரவில் கண் கூசுகிறது. எந்த லென்ஸ் வாங்குவது?

கேள்வி: எனக்கு வயது 52. வேளச்சேரியிலிருந்து அம்பத்தூருக்கு நாள்தோறும் காரில் சென்று திரும்புகிறேன். இரவில் எதிரே வரும் வண்டிகளின் வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்கிறது. வெயிலில் கறுக்கும் லென்ஸ், இரவுக்கு மஞ்சள் கண்ணாடி என்று கடையில் பலவற்றைக் காட்டுகிறார்கள். எதை வாங்கலாம்?
வாசகர், வேளச்சேரி

பதில்: முதலில் கண் மருத்துவரைப் பாருங்கள். உங்கள் வயதில் இரவுக் கூச்சம் கண்புரையின் தொடக்கமாக இருக்கக்கூடும். பவர் சற்று மாறியிருந்தாலும் விளக்குகள் சிதறித் தெரியும். இவ்விரண்டையும் லென்ஸ் மீது பூசும் எந்தப் பூச்சாலும் சரிசெய்ய முடியாது.

கண் நலமாக இருந்தால், நீங்கள் பணம் செலவிட வேண்டியது கடைகளில் 'ஏ.ஆர். கோட்டிங்' எனப்படும் பிரதிபலிப்புத் தடுப்புப் பூச்சுக்குத்தான். பூச்சில்லாத சாதாரண பிளாஸ்டிக் லென்ஸ், தன்மீது விழும் ஒளியில் ஏறத்தாழ 8 சதவீதத்தை இரு பரப்புகளிலுமாகத் திருப்பி அனுப்பிவிடுகிறது; ஒளியை அதிகம் வளைக்கும் '1.67' (ஒளிவிலகல் எண்) வகை மெல்லிய லென்ஸில் இது 12 சதவீதம் வரை போகும். இப்படித் திரும்பும் ஒளியில் ஒரு பகுதி லென்ஸுக்குள்ளேயே எதிரொளித்து விளக்குகளுக்கு அருகே போலி உருவங்களை உண்டாக்குகிறது. பின்னால் வரும் வண்டியின் வெளிச்சமும் லென்ஸின் உட்புறத்தில் பட்டுக் கண்ணுக்கு வருகிறது. நல்ல பூச்சு இந்தப் பிரதிபலிப்பை 1 சதவீத அளவுக்குக் குறைத்துவிடும். இருபுறமும் பூசப்பட்டதா என்று கேட்டு வாங்குங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் கண்ணாடியை விட்டுச் செல்லாதீர்கள். நம் சித்திரை வெயிலில் காருக்குள் சேரும் வெப்பம் பூச்சில் நுண்ணிய விரிசல்களை உண்டாக்கிவிடும்.

மஞ்சள் கண்ணாடி வேண்டவே வேண்டாம். வெளிச்சம் குறைந்த சாலையில் கண்ணுக்கு வரும் ஒளியை அது மேலும் குறைக்கிறது. இருட்டில் கறுப்பு உடையில் சாலையைக் கடப்பவர் தெரிவது அந்த ஒளியால்தான். வெயிலில் கறுக்கும் லென்ஸ் புற ஊதாக் கதிர் பட்டே கறுக்கிறது. காரின் முன்கண்ணாடி அக்கதிரைப் பெருமளவு தடுத்துவிடுவதால், உள்ளே அது போதிய அளவு கறுக்காது.

பகலுக்கு, அதிலும் ஐப்பசி மழையில் நனைந்த சாலை பளபளக்கும் நேரத்துக்கு, சாலையில் பட்டுத் தெறிக்கும் கூசொளியை வடிகட்டும் போலரைஸ்டு கண்ணாடி ஒன்றை உங்கள் பவரிலேயே தனியாக வைத்துக்கொள்ளலாம். வாங்குமுன் காரில் அமர்ந்து அதை அணிந்து பாருங்கள். டாஷ்போர்டுத் திரை சில கோணங்களில் கறுத்துத் தெரியக்கூடும். இருட்டியதும் அதைக் கழற்றிவிட வேண்டும்.

தூரத்தையும் கிட்டத்தையும் ஒரே லென்ஸில் பார்க்க உதவும் புரோகிரசிவ் லென்ஸ் அணிபவராயின், தூரப் பார்வைப் பகுதி அகலமாக உள்ள வடிவமைப்பைக் கேளுங்கள். அதன் ஓரங்களில் காட்சி மங்குவதால், காரின் பக்கக் கண்ணாடியைக் கண்ணை மட்டும் திருப்பிப் பார்க்காமல் தலையையும் சற்றுத் திருப்பிப் பார்க்கப் பழகிக்கொள்வது நல்லது.