மகனிடம் இருக்கும் சாரிசார்ட் அட்டை லட்ச ரூபாய் பெறுமா?

கேள்வி: என் பத்து வயது மகன் போக்கிமான் என்ற ஜப்பானிய விளையாட்டின் அட்டைகளைச் சேர்க்கிறான். அதில் சாரிசார்ட் என்ற, டிராகன்போன்ற கற்பனை உயிரினத்தின் அட்டை ஒன்று இருக்கிறது. லட்சக்கணக்கில் விலைபோகும் என்று சாதிக்கிறான். அப்படியும் உண்டா? அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது? இதைத் தொடர்ந்து சேர்க்க விடலாமா?

பதில்: முதலில் ஒன்று சொல்லுங்கள். அந்த அட்டை முழுக்கத் தங்க நிறத்தில் பளபளக்கிறதா? தொட்டால் காகிதம்போல் இல்லாமல் பிளாஸ்டிக் தகடுபோல் இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் அது போலிதான், மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை.

போன ஆனித் தேரோட்டத்தின்போது திருநெல்வேலி டவுனில், ரத வீதியில் பலூனும் விசிலும் விற்ற ஒரு தள்ளுவண்டியில் இந்தத் தங்க அட்டைப் பெட்டியைப் பார்த்துவிட்டு அக்காள் மகன் நகர மாட்டேன் என்று நின்றுவிட்டான். 150 ரூபாய். பெட்டிக்குள் 55 அட்டைகள். வீட்டுக்கு வந்து கொட்டி எண்ணினால் அதில் ஆறு சாரிசார்ட். "மாமா, ஒன்று மூன்று கோடியாம். ஆறும் சேர்ந்தால் பதினெட்டுக் கோடி" என்றான். "அப்படியென்றால் முதலில் கேஸ் சிலிண்டருக்குக் காசைக் கொடு" என்றாள் அக்காள்.

அவன் சொன்ன மூன்று கோடி பொய்யில்லை. 2022 மார்ச்சில் அமெரிக்காவில் ஒரு சாரிசார்ட் அட்டை 4,20,000 டாலருக்கு ஏலம் போனது. அன்றைய கணக்கில் மூன்று கோடி ரூபாய்க்கு மேல். ஆனால் அது எந்த அட்டை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 1999 ஜனவரியில் ஆங்கிலத்தில் முதன்முதலாக வெளிவந்த 102 அட்டைகள் கொண்ட அடிப்படைத் தொகுப்பில் நான்காம் எண். அதிலும் 'முதல் பதிப்பு' முத்திரை உள்ளது. அதிலும் பிஎஸ்ஏ என்ற அமெரிக்கத் தரமதிப்பீட்டு நிறுவனம் பத்துக்குப் பத்து கொடுத்தது. அந்தப் பத்து வாங்கிய முதல் பதிப்பு உலகத்திலேயே சுமார் 120தான். ஒன்பது மதிப்பெண் வாங்கியதன் விலையே பல மடங்கு கீழே இறங்கிவிடுகிறது.

அக்காலத்துப் பாக்கெட் ஒன்றில் 11 அட்டைகள். ஏறக்குறைய மூன்று பாக்கெட்டுக்கு ஒன்றில்தான் மினுமினுக்கும் ஹோலோ அட்டை வரும். அந்த ஹோலோவில் 16 வகை. கணக்குப் போட்டால் 48 பாக்கெட்டுக்கு ஒரு சாரிசார்ட். 36 பாக்கெட் உள்ள முழுப் பெட்டியை உடைத்தாலும் கிடைக்காமல் போகலாம். கிடைத்த பையன் என்ன செய்திருப்பான்? விளையாட்டில் அதற்கு 120 உயிர்ப்புள்ளி, எதிராளிக்கு ஒரே அடியில் 100 சேதம், அந்தத் தொகுப்பில் அதை மிஞ்ச ஆளில்லை. பள்ளிக்கூடம் முழுக்கக் காட்டியிருப்பான், ரப்பர் பேண்ட் போட்டுக் கால்சட்டைப் பையில் திணித்திருப்பான். நாங்கள் பாளையங்கோட்டையில் மல்யுத்த ட்ரம்ப் கார்டு விளையாடிய காலத்தில், எல்லாரும் ஆசைப்பட்ட அண்டர்டேக்கர் அட்டைதான் முதலில் மூலை மழுங்கும். யாரும் சீண்டாத ஆள் கடைசிவரை புதிதாகவே இருப்பார். சாரிசார்ட் கதையும் அதுதான். எல்லாரும் தொட்டதால், தொடாத அட்டை அரிதாகிவிட்டது.

இடையில் ஒரு சங்கதி. எல்லாரும் டிராகன் டிராகன் என்கிறோம், விளையாட்டின் இலக்கணப்படி அது டிராகன் இனமே இல்லை. நெருப்பு, பறத்தல் என்று இரண்டு இனம். ஜப்பானில் அதன் பெயர் லிஸார்டன், ஆங்கிலப் பெயரிலும் பல்லிதான் ஒளிந்திருக்கிறது. பிற்காலத்தில் அதற்கு வந்த 'மெகா' என்ற பலம் கூடிய வடிவங்கள் இரண்டில் ஒன்று மட்டும் டிராகன் இனத்தில் சேர்ந்தது. இதைச் சொன்னதற்காக என் மருமகன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அசலா போலியா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். இதில் நான் பணம் கொடுத்துப் பாடம் படித்தவன். 2021இல் ஊரடங்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது உலகமே பழைய அட்டைகளின் பின்னால் ஓடியது. பிஎஸ்ஏவுக்கு வந்து குவிந்த அட்டைகளைச் சமாளிக்க முடியாமல், அந்த மார்ச் கடைசியில் குறைந்த கட்டணப் பிரிவுகளையெல்லாம் நிறுத்தி வைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வெறியில் இணையத்தில் ஒருவரிடம் 18,000 ரூபாய்க்கு 1999ஆம் ஆண்டு சாரிசார்ட் ஒன்றை வாங்கினேன். முத்திரை இல்லாத சாதாரணப் பதிப்புதான். வந்து சேர்ந்ததும் டார்ச் அடித்துப் பார்த்தேன். அசல் அட்டையின் நடுவில் கறுப்பான ஓர் அடுக்கு இருக்கும், வெளிச்சம் ஊடுருவாது என்று படித்திருந்தேன். ஊடுருவவில்லை. நீளம் 88 மில்லிமீட்டர், அகலம் 63, அதுவும் சரி. நிம்மதியாகத் தூங்கினேன்.

என் சித்தப்பா சிவகாசியில் ஆஃப்செட் அச்சகத்தில் முப்பது வருடம் மெஷினில் நின்றவர். தீப்பெட்டிப் படங்கள் சேர்ப்பவரும்கூட. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசித் தீப்பெட்டிகளின் மேலட்டைகளை நான்கு நோட்டுகளில் ஒட்டி வைத்திருக்கிறார். ஒரே மயில் படத்தில் கழுத்து நிறம் மாறிய மூன்று அச்சுகளைக் காட்டி அரை மணி நேரம் பேசக்கூடியவர். பொங்கலுக்கு வந்தவரிடம் பெருமையாக அட்டையை நீட்டினேன். சட்டைப்பையிலிருந்து அச்சகக்காரர்கள் வைத்திருக்கும் சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து, அட்டையில் வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "எழுத்தைப் பாரடா" என்று என்னிடம் கொடுத்தார்.

எழுத்து முழுக்கப் புள்ளி.

அச்சில் படத்தை நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நான்கு மைகளின் புள்ளிகளாகத்தான் அடிப்பார்கள். அதனால் படத்தில் புள்ளி தெரிவது இயல்பு. ஆனால் எழுத்துக்கும் கறுப்புக் கோடுகளுக்கும் கறுப்பு மையை மட்டும் முழுதாக இறக்குவார்கள், விளிம்பு கத்தியால் வெட்டினதுபோல் இருக்கும். போலி அடிப்பவனிடம் மூலக் கோப்பு கிடையாது. அசல் அட்டையை ஸ்கேன் செய்துதான் அவன் அச்சடிக்க வேண்டும். அப்போது எழுத்தும் படத்தோடு படமாகி, நான்கு நிறப் புள்ளிகளாக உடைந்துவிடும். காகிதத்தைக் கறுப்பு அடுக்கோடு அசல்போலச் செய்துவிடலாம், எடையைச் சரிக்கட்டலாம், எழுத்தில் மாட்டிக்கொள்வான். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அட்டை வாங்கும் முன் அதை வாங்குங்கள். விற்றவர் என்ன ஆனார் என்று கேட்காதீர்கள், என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

கண்ணாடி வரும்வரை வெறும் கண்ணால் பார்க்க வேண்டியது, அட்டையின் பின்பக்கம். ஆங்கிலத்தில் போக்கிமான் என்று எழுதும்போது 'ஈ' எழுத்தின் தலையில் ஒரு சாய்ந்த கோடு வரும், மட்டமான போலிகள் பலவற்றில் அது இருக்காது. நீலம் வெளிறியோ ஊதாவாகவோ இருந்தாலும் சந்தேகப்படலாம்.

அசல் என்று உறுதியானால் அடுத்தது எந்த அச்சு என்பது. சித்தப்பாவின் மயில் கழுத்து விவகாரம் இங்கேதான் வருகிறது. 1999 அட்டையில் படத்தின் இடது கீழ் மூலைக்கு அடியில் 'முதல் பதிப்பு' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் படச் சட்டத்தின் வலது ஓரம். முதலில் அச்சானவற்றில் அந்தச் சட்டத்துக்கு நிழல் கிடையாது, எழுத்தும் சற்று மெலிந்திருக்கும். பிறகு சட்டத்துக்கு நிழல் கொடுத்து லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளினார்கள். நிழல் இல்லாத அட்டைகளின் அடிவரியில் 95, 96, 98, 99 என்று நான்கு ஆண்டுகள் வரிசையாக வரும், நிழல் உள்ளதில் அந்த வரிசை 98உடன் நின்றுவிடும். இரண்டு மில்லிமீட்டர் நிழலுக்கு இத்தனை பணமா என்று என் அம்மா கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

அடிவரியை நன்றாகப் படிக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மிட்சுஹிரோ அரிட்டா வரைந்த அந்த ஆதிப் படத்தையும் பழைய தோற்றத்தையும் நிறுவனமே மறுபடி பயன்படுத்தியிருக்கிறது. 2016 தொகுப்பில் பழைய பாணியிலேயே ஒரு சாரிசார்ட் வந்தது, எண் 11/108. 2021இல் 25ஆம் ஆண்டு விழாத் தொகுப்பில் அதே 4/102 எண்ணோடு மறுஅச்சு வந்தது. எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள், அடியில் ஆண்டு 2021 என்று இருக்கும். இவை போலி அல்ல, அசல்தான். ஆனால் 1999 அல்ல. அதே விழாவுக்கான பெரிய பெட்டியில் உலோகத்தில் செய்த தங்கநிற சாரிசார்ட் ஒன்றும் உண்மையாகவே வந்தது. தேர்க் கடைப் பெட்டிகளுக்கும் அதற்கும் நிறம் ஒன்றே ஒற்றுமை.

உங்கள் மகனிடம் இருப்பது அநேகமாகப் பழைய அட்டையாக இருக்காது. இப்போதைய பையன்களிடம் இருப்பது 2023இல் வந்த '151' தொகுப்பைப் போன்றவை. அவற்றிலும் விலையுள்ள சாரிசார்ட் உண்டு. 199/165 என்று எண் இருந்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள். எண்ணின் முன்பாதி பின்பாதியைவிடப் பெரிதாக இருந்தாலே அது தொகுப்பின் கணக்குக்கு வெளியே வைத்த அரிய அட்டை என்று அர்த்தம்.

பத்திரம் என்றால் எப்படி? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்து ஆட்கள் மறக்க மாட்டார்கள். தாமிரபரணி பெருகி வண்ணார்பேட்டையில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். கீழ்த்தட்டில் ஷூ பெட்டியில் இருந்த முந்நூறு சில்லறை அட்டைகள் கூழாகிவிட்டன. அதற்கு முந்தைய வருடம் சிங்கப்பூரில் இருக்கும் மைத்துனர் மூலம் நான் வாங்கியிருந்த, இந்த முறை அசலான, விளிம்பெல்லாம் வெளுத்த 1999 சாரிசார்ட் மட்டும் பிழைத்தது. என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. வாங்கிய விலையை அறிந்த அன்றே அம்மா அதைப் பிடுங்கி, வீட்டுப் பத்திரமும் ரேஷன் கார்டும் இருக்கும் மூடிபோட்ட டப்பாவுக்குள் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டிருந்தாள்.

வெள்ளம் எப்போதாவது வருவது. ஈரக்காற்று ஒவ்வொரு ஐப்பசியிலும் வரும். ஹோலோ அட்டை ஒரு பக்கம் மினுமினுக்கும் படலம், மறுபக்கம் காகிதம். காகிதம் ஈரத்தைக் குடித்து விரியும், படலம் விரியாது, அட்டை அப்பளம்போல் வளைந்துவிடும். மெல்லிய உறைக்குள் போட்டு, டாப்லோடர் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் செருகி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் வைத்தால் போதும். ராமபாணப் பூச்சிக்குப் பயந்து அந்துருண்டை போடாதீர்கள். அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும். வெயில் படும் ஷோகேஸும் வேண்டாம், நம் ஊர் வெயிலில் நிறம் நிற்காது.

தரமதிப்பீட்டுக்கு அமெரிக்காவுக்கு அனுப்பலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். மதிப்பீட்டுக் கட்டணம், போகவர கூரியர், காப்பீடு, இடையாளின் பங்கு என்று கூட்டிப் பாருங்கள். சில ஆயிரம் பெறும் அட்டைக்கு இது சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். என்னுடையதை நான் அனுப்பவில்லை. அதில் குறுக்கே ஒரு மடிப்பு இருக்கிறது, நான்கு மதிப்பெண் கிடைத்தால் அதிகம்.

மகனைச் சேர்க்க விடுங்கள். பணமாகும் என்ற எண்ணத்தோடு மட்டும் வேண்டாம். 2021இல் உச்சத்தில் வாங்கியவர்களில் பலர் பிறகு விலை இறங்கியதைப் பார்த்துக் கையைப் பிசைந்தார்கள். மாதாமாதம் பாக்கெட் பாக்கெட்டாக உடைப்பது லாட்டரிச் சீட்டுக் கிழிப்பதுதான், பழக்கமும் அதே பழக்கம். அதற்குப் பதிலாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அவன் விரும்பும் ஓர் அட்டையைத் தனியாக விலைகொடுத்து வாங்கித் தரலாம். பள்ளியில் மாற்றிக்கொள்வதற்கு ஒரு கட்டு, வீட்டில் வைத்திருக்க ஒரு கட்டு என்று பிரித்துவிடுங்கள். என் அக்காள் வீட்டில் அப்படிப் பிரிக்காததால், ஒருநாள் அவன் நல்ல அட்டை ஒன்றைக் கொடுத்து நான்கு தங்க அட்டைகள் வாங்கிவந்து, லாபம் என்று துள்ளிக் குதித்தான்.

அட்டையின் முன்பக்கம், பின்பக்கம், அடிவரி மூன்றையும் படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். ஃப்ளாஷ் வேண்டாம், ஜன்னலோரம் காலை வெளிச்சத்தில் எடுங்கள். உறையிலிருந்து உருவும்போது விளிம்பைப் பிடிக்கச் சொல்லுங்கள்.